பொம்மை வீட்டின் அடுப்படி

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் கோட்டைகளும் கொத்தளங்களும், போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மன்னன் எந்த ஆண்டில் முடிசூடினான் என்பதைக் கல்வெட்டு சொல்லும். அன்று காலையில் அவனுக்கு உலை வைத்தவள் யார், எந்தப் பானையில் வைத்தாள், அடுப்பை எந்தக் குழலால் ஊதினாள் என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை. பங்குப் பணியாளராகிய நாமும் இக்குறையிலிருந்து தப்பியவர்கள் அல்லோம். நம் பதிவேடுகளில் திருமுழுக்கு உண்டு, திருமணம் உண்டு, அடக்கம் உண்டு. இவற்றுக்கு இடையில் ஒரு பெண் அறுபது ஆண்டுகள் செய்த அன்றாட வேலைக்கு ஒரு வரியும் கிடையாது.

ஆயினும், அந்த அன்றாட வேலையைத் தன்னையறியாமலே பதிவுசெய்து வைத்திருக்கும் ஏடு ஒன்று உண்டு. அது மரத்தாலும் தகரத்தாலும் செம்பாலும் ஆன ஏடு. ஐரோப்பியக் குடும்பங்கள் பல, தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேர்த்திக்குமாக வழிவழியாகக் காத்துவந்த பொம்மை வீடுகளையே குறிப்பிடுகிறோம். ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடும் அவ்வீடுகளில் விரல் நுனியில் நிற்கும் வாணலிகளும், தீப்பெட்டியளவு அடுப்புகளும், பிற்காலத்தில் வந்து சேர்ந்த தையல் இயந்திரங்களும் சலவை இயந்திரங்களும் உள்ளன. அச்சிறு கருவிகளைக் காலவரிசையில் பார்த்துக்கொண்டே வந்தால், வீட்டு வேலையை யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், அவ்வேலை எப்போது யார் தலைமீது இறங்கிற்று என்னும் கணக்கு நம் கண்முன் விரிகிறது. அந்தக் கணக்கைச் சிறிது புரட்டிப் பார்ப்போம்.

அரண்மனைக்குள் ஒரு சின்ன அடுக்களை

பொம்மை வீடு என்றால் குழந்தையின் விளையாட்டுப் பொருள் என்றே எண்ணத் தோன்றும். தொடக்கத்தில் அது அவ்வாறு இருக்கவில்லை. எழுத்துச் சான்றுடன் அறியப்படும் மிகப் பழைய பொம்மை வீட்டை 1558-ஆம் ஆண்டில் பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் மூனிக் நகரில் செய்வித்தார். அது அவருடைய அரும்பொருள் கூடத்தில் இடம்பெற்றது. 1598-இல் யோகான் பாப்டிஸ்ட் ஃபிக்லர் என்பவர் எழுதிய இருப்புப் பட்டியலில் அதன் அறைகள் விவரிக்கப்பட்டுள்ளன. அங்கே சமையலறை உண்டு, தொழுவம் உண்டு, சிற்றாலயமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அவ்வீடு தீக்கிரையாயிற்று. அதைப் பற்றிய பட்டியல் மட்டும் எஞ்சியது. கோமகன் ஒருவர் தம் செல்வத்தின் பெருமையைக் காட்ட விரும்பியபோது, அடுக்களையை விட்டுவிட்டு அவரால் ஒரு வீட்டைக் கற்பனை செய்ய முடியவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் இக்கலை நியூரன்பெர்க் நகர வணிகர்களின் இல்லங்களுக்கு இறங்கி வந்தது. உலோக வேலைக்குப் புகழ்பெற்ற ஊர் அது. செம்புக் கலம் செய்யும் கன்னார், ஈயத் தட்டு வார்ப்போர், குயவர், தச்சர், கூடை முடைவோர் என ஒவ்வொரு தொழிலாளரும் தத்தம் தொழிலுக்குரிய பொருளைச் சிறிய அளவில் செய்து கொடுத்தனர். ஆகவே, ஒரு பொம்மை அடுக்களையில் ஒரு நகரத்தின் தொழிற்குழுக்கள் அனைத்தும் ஒன்றுகூடி நின்றன எனலாம்.

1631-ஆம் ஆண்டில் அந்நகரில் அன்னா கோஃபர்லின் என்னும் பெண்மணி ஒரு பெரிய பொம்மை வீட்டை அமைத்து, கட்டணம் பெற்றுக்கொண்டு ஊராருக்குக் காட்டினார். அதற்காக அச்சிடப்பட்ட ஒற்றைத்தாள் அறிவிப்பினால்தான் அவர் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. சிறுவர் சிறுமியர் வந்து ஒவ்வொரு பொருளையும் உற்று நோக்கட்டும்; ஒழுங்கான இல்லத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளட்டும் என்பதே அவ்வறிவிப்பின் கருத்து. விளையாட்டுப் பொருளே பாடநூலாகவும் அமைந்தது. ஆனால் பாடம் எது என்பதில் நுட்பம் உண்டு. செல்வர் வீட்டுச் சிறுமி பாத்திரம் துலக்கக் கற்க வேண்டியதில்லை. துலக்கியவள் ஒழுங்காகத் துலக்கினாளா என்று பார்க்கக் கற்றால் போதும். பொம்மை வீடு அவளுக்கு மேற்பார்வையைக் கற்பித்தது.

பெரியது உருகிற்று, சிறியது நின்றது

நியூரன்பெர்க்கில் உள்ள ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகத்தில் 1639-ஆம் ஆண்டைச் சேர்ந்த பொம்மை வீடு ஒன்று காக்கப்படுகிறது. அதை வைத்திருந்த ஸ்ட்ரோமர் குடும்பத்தின் பெயராலேயே அது வழங்குகிறது. அதன் அடுக்களைச் சுவரில் தட்டுகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மேடையடுப்பும், சட்டிகளும், கொப்பரைகளும், அகப்பைகளும் அதனதன் இடத்தில் உள்ளன.

அறிஞர்கள் இவ்வீடுகளை இத்துணைக் கவனத்துடன் ஆராய்வதன் காரணம் எளிது. அக்காலத்து உண்மையான சமையற்கலங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. செம்பும் ஈயமும் விலையுள்ள உலோகங்கள். தட்டு நசுங்கினால் அதை உருக்கிப் புதிய தட்டு வார்த்தனர். மண்கலம் உடைந்தால் குப்பைக்குப் போயிற்று. துடைப்பம் தேய்ந்தால் அடுப்புக்குப் போயிற்று. பொம்மை வீட்டின் தட்டிலோ எவரும் உண்ணவில்லை. ஆதலின் அது நசுங்கவில்லை. அதன் துடைப்பத்தால் எவரும் பெருக்கவில்லை. ஆதலின் அது தேயவுமில்லை. உழைத்த பொருள்கள் எல்லாம் மறைந்து போக, உழைக்காத அவற்றின் சாயல்கள் மட்டும் நமக்குச் சான்று கூற எஞ்சி நிற்கின்றன.

இவ்வகைச் சான்றுகளில் சிறந்தவை நெதர்லாந்து நாட்டில் உள்ளன. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பெட்ரொனெல்லா ஓர்ட்மன் அம்மையாரின் பொம்மை வீடு 1686-க்கும் 1710-க்கும் இடையில் உருவாயிற்று. அவர் பட்டு வணிகர் ஒருவரின் மனைவி. ஆமையோடு பதித்த அலமாரிக்குள் அமைந்த அவ்வீட்டுக்கு இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் கில்டர்வரை செலவாயிற்று என்பர். அந்தத் தொகைக்கு அந்நாளில் ஆம்ஸ்டர்டாம் கால்வாய்க் கரையில் உண்மையான வீடு ஒன்றையே வாங்கியிருக்கலாம். ஒரு தொழிலாளியின் ஆண்டு வருமானமோ சில நூறு கில்டர்களைத் தாண்டாத காலம் அது.

இத்துணைச் செலவில் அமைந்த வீட்டில் நம் கண் எங்கே நிலைக்கிறது? வரவேற்பறையின் ஓவியங்களைவிட மேல்தளத்துச் சலவையறையே நம்மை நிறுத்திவிடுகிறது. துணி உலர்த்தும் சட்டங்கள் அங்கே தொங்குகின்றன. அருகில், ஹாலந்து மக்கள் விறகுக்குப் பதிலாக எரித்த பீட் என்னும் சதுப்புநில எரிமண்ணைச் சேமிக்கும் பரண். கீழே இரண்டு அடுக்களைகள்: ஒன்று சமைப்பதற்கு, மற்றொன்று அழகிய பீங்கான்களை அடுக்கிக் காட்டுவதற்கு. விருந்தினர் எவரும் ஏறிப் பாராத சலவையறையையும் எரிமண் பரணையும் அந்த அம்மையார் ஏன் விடாமல் செய்வித்தார்? அவை இல்லாமல் வீடு நடவாது என்பது அவருக்குத் தெரியும். வரலாற்றாசிரியர்கள் மறந்ததை இல்லத்தரசி மறக்கவில்லை.

அதே நாட்டைச் சேர்ந்த சாரா ரோத்தே என்னும் அம்மையார் 1743-இல் பழைய பொம்மை வீடுகள் மூன்றை ஏலத்தில் வாங்கி, அவற்றின் பொருள்களைக் கொண்டு இரண்டு புதிய வீடுகளை அமைத்தார். தம்மிடமிருந்த பொருள்களைக் குறிப்பேடுகளில் எழுதியும் வைத்தார். இன்று அவ்வீடுகளில் ஒன்று ஹார்லெம் நகரிலும் மற்றொன்று தி ஹேக் நகரிலும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஒருத்தி சேர்த்ததை மற்றொருத்தி பெற்று, தன் காலத்துப் பொருளையும் அதனுடன் சேர்த்து வைப்பதே பொம்மை வீட்டின் இயல்பு. பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிவதுபோல, ஒரே பொம்மை அடுக்களையில் பாட்டியின் செம்புக் கொப்பரையும் தாயின் இரும்பு அடுப்பும் மகளின் மின்விளக்கும் அருகருகே நிற்க இடமுண்டு.

கிறிஸ்து பிறப்பு விழாவும் சின்ன அடுப்பும்

முழு வீட்டையும் செய்விக்க இயலாத குடும்பங்களுக்கும் வழி ஒன்று பிறந்தது. முன்புறம் திறந்த ஒரே அறை, நடுவில் அடுப்பு, மூன்று சுவர்களிலும் பாத்திரங்கள். இதனை 'நியூரன்பெர்க் அடுக்களை' என்றே அழைத்தனர். ஜெர்மானிய இல்லங்கள் பலவற்றில் இது ஆண்டு முழுவதும் பரணில் கிடக்கும். கிறிஸ்து பிறப்பு விழாவின்போது கீழே இறக்கப்படும். புதிய பாத்திரம் ஒன்றிரண்டு சேர்க்கப்படும். சிறுமியர் சில நாள் விளையாடிய பின் மீண்டும் பரணுக்குச் செல்லும். நம் இல்லங்களில் குடிலின் சொரூபங்களை வைக்கோலில் பொதிந்து பெட்டியில் வைத்து, மார்கழி வந்ததும் வெளியே எடுக்கும் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே கையில் எடுக்கப்பட்டதால்தான் அந்தச் சின்னக் கலங்கள் மூன்று நான்கு தலைமுறைகள் உடையாமல் வாழ்ந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்மையான அடுக்களைகளில் திறந்த அடுப்பு மறைந்து, மூடிய இரும்பு அடுப்பு வந்தது. சிறிது காலத்தில் பொம்மை அடுக்களையிலும் அவ்வாறே ஆயிற்று. 1859-ஆம் ஆண்டில் கோப்பிங்கன் என்னும் ஊரில் தியோடர் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் மெர்க்லின் என்ற தகரக் கொல்லர் பொம்மை அடுக்களைக்கான தகரப் பாத்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். 1866-இல் அவர் இறந்தபின், அவர் மனைவி கரோலின் அத்தொழிலை நடத்தினார். பின்னர் அவர்களுடைய மக்கள் 1891-இல் பொம்மை இரயிலை அறிமுகப்படுத்தினர். இன்று மெர்க்லின் என்ற பெயரைக் கேட்டால் உலகம் இரயிலைத்தான் நினைக்கும். அப்பெருந்தொழிலின் முதல் முளை ஒரு பொம்மை அடுக்களையிலிருந்து கிளம்பியது என்பதைப் பலர் அறியார்.

அந்நாளைய பொம்மை அடுப்புகள் சில, சாராய விளக்கினால் உண்மையாகவே எரிந்தன. சிறுமியர் அவற்றின்மேல் பால் காய்ச்சினர். கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். பொம்மை இரயில்களுக்குப் பெயர்பெற்ற லயனல் நிறுவனம் 1930-இல் சிறுமியருக்கென மின்சார அடுப்பு ஒன்றை வெளியிட்டது. அதிலும் சமைக்க முடிந்தது. ஒரே தொழிற்சாலை, ஒரே தகரம், ஒரே மின்சாரம். மகனுக்கு ஊர்களைக் கடந்து செல்லும் இரயில் கிடைத்தது. மகளுக்கு நின்ற இடத்திலேயே நிற்கும் அடுப்பு கிடைத்தது. எவரும் தீய நோக்குடன் இதைச் செய்யவில்லை. அன்புடன்தான் கொடுத்தார்கள். ஆனால் அன்புடன் கொடுக்கப்படும் பரிசிலும் ஒரு கட்டளை மறைந்திருக்கக்கூடும் என்பதைப் பெற்றோராகிய வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மெழுகு முகமும் மர முகமும்

இங்கிலாந்தின் தென்பகுதியில் அப்பார்க் என்னும் மாளிகை உள்ளது. சாரா லெதியூலியே என்னும் சீமாட்டி 1740-களில் அம்மாளிகைக்கு மணமகளாக வந்தபோது தம்முடன் கொண்டுவந்த பொம்மை வீடு அங்கே இன்றும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் நாள் அம்மாளிகை தீப்பற்றி எரிந்தபோதும் அந்தப் பொம்மை வீடு காப்பாற்றப்பட்டது. அதில் வாழும் பொம்மைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். எசமானர்களாகிய பொம்மைகளுக்கு மெழுகினால் ஆன முகங்கள். பணியாளர்களாகிய பொம்மைகளுக்கு மரத்தினால் ஆன முகங்கள். சமூகத்தின் ஏற்றத்தாழ்வைப் பொம்மை செய்தவர் பொருளிலேயே எழுதிவிட்டார். ஆயினும் காலம் செய்யும் வேடிக்கையைப் பாருங்கள்: மெழுகைவிட மரமே வெப்பத்தைத் தாங்கும்.

இதே மாளிகையில் 1880 முதல் 1893 வரை வீட்டுப் பணிகளை மேற்பார்வையிடும் பெண்ணாக இருந்தவர் சாரா வெல்ஸ். அவர் மகனே பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். 1909-இல் வெளிவந்த 'டோனோ பங்கே' என்னும் அவருடைய புதினத்தில், பெரிய மாளிகை ஒன்றின் பணியாளர் தலைவியின் மகன், அம்மாளிகைக் குழந்தையுடன் ஒரு பெரும் பொம்மை வீட்டின்முன் அமர்ந்து விளையாடிய நாளை நினைவுகூர்கிறான். விளையாட்டிலும் ஆணை அந்தப் பெரிய இடத்துச் சிறுமியுடையதே. பொம்மை வீட்டைத் தொடும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்தது; அதை ஆளும் உரிமை கிடைக்கவில்லை.

பொம்மை வீடுகளுள் பெரும்புகழ் பெற்றது மேரி அரசியாருக்காக 1924-இல் நிறைவுற்றதாகும். அதனை வடிவமைத்தவர் சர் எட்வின் லுட்யன்ஸ். அதே ஆண்டுகளில் இவர்தான் நம் புதுதில்லியின் அரசமாளிகையையும் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையால் பேரரசின் தலைநகரையும் மறு கையால் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவான பொம்மை வீட்டையும் அவர் வரைந்தார். அந்தச் சிறு வீட்டில் குழாயில் வெந்நீரும் தண்ணீரும் வரும், மின்விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும். அடுக்களையில் உள்ள செம்புக் கெண்டி ஒரு பென்னி நாணயத்தைக் கொண்டு செய்யப்பட்டது. வெம்பிளிக் கண்காட்சியில் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதைக் கண்டனர். பின்னர் அது விண்ட்சர் கோட்டையைச் சேர்ந்தது. புதுமைக் கருவிகளோடு பணியாளர்களின் அறைகளும் அதில் உள்ளன. இயந்திரம் வந்துவிட்டது, பணியாளரும் இன்னும் போகவில்லை. இரண்டு காலங்கள் ஒரே கூரையின்கீழ் சந்தித்த கடைசி வீடுகளுள் அதுவும் ஒன்று.

பணிப்பெண் போனாள், இயந்திரம் வந்தது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் பத்து இலட்சத்துக்கும் மேலானோர் பிறர் வீடுகளில் பணிபுரிந்து பிழைத்தனர். முதல் உலகப்போரும், தொழிற்சாலைகளும், அலுவலகங்களும் அவர்களுக்கு வேறு வாயில்களைத் திறந்துவிட்டன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நடுத்தர இல்லங்களில் பணிப்பெண் ஏறக்குறைய மறைந்தே போனாள். அந்த வெற்றிடத்தில்தான் இயந்திரங்கள் நுழைந்தன. 1901-இல் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலேயர் தூசியை உறிஞ்சும் இயந்திரத்தை உருவாக்கினார். கையாளத் தக்க சிறிய மின்சார இயந்திரத்துக்கு 1908-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மர்ரி ஸ்பாங்ளர். அவர் ஒரு கடையில் தரையைத் துப்புரவு செய்யும் தொழிலாளி. தூசியினால் இருமலுற்று வருந்தியவர். தூசியை நுகர்ந்தவனே அதற்கு மாற்றையும் கண்டான் என்பது நினைக்கத் தக்கது.

பொம்மை வீடுகள் இம்மாற்றத்தை உடனுக்குடன் பதிவு செய்தன. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ரென்வால் நிறுவனம் பிளாஸ்டிக்கில் சலவை இயந்திரமும், குளிர்சாதனப் பெட்டியும், துணி தேய்க்கும் பலகையும் வார்த்து விற்றது. அதே காலத்தில் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் லுண்ட்பி பொம்மை வீடுகள் தோன்றின. பதினெட்டில் ஒரு பங்கு அளவான அவ்வீடுகளில் சிறு மின்விளக்குகள் உண்மையாகவே எரிந்தன. அடுக்களையின் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் அந்தந்தக் காலத்துப் புதுப் பாணிக்கேற்ப மாறிக்கொண்டே வந்தன. மாடியில் பணிப்பெண்ணின் படுக்கை எங்கே என்று தேடினால் கிடைக்காது. அறைகள் எல்லாம் குடும்பத்தினருக்கே.

இதைக் கண்டு, பெண்ணின் சுமை இறங்கிற்று என்று மகிழ்ந்துவிடலாமா? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலில் வேறொரு கணக்கைக் காட்டினார். விறகு பிளப்பது, தண்ணீர் சுமப்பது, விரிப்புகளை அடித்துத் தூசி போக்குவது போன்ற வேலைகளில் முன்பு கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பணியாளருக்கும் பங்கு இருந்தது. இயந்திரங்கள் அவர்களை விடுவித்தன. எஞ்சிய வேலை முழுவதும் இல்லத்தரசி ஒருத்தியின் கைக்கு வந்து சேர்ந்தது. வாரம் ஒரு முறை மாற்றிய துணியை நாள்தோறும் மாற்றுவது வழக்கமாயிற்று. தூய்மையின் அளவுகோல் உயர்ந்தது. அவள் உழைக்கும் நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. நியூரன்பெர்க் பொம்மை வீட்டைப் பார்த்த சிறுமி பிறரிடம் வேலை வாங்கக் கற்றாள். பிளாஸ்டிக் சலவை இயந்திரத்துடன் விளையாடிய சிறுமி, எல்லா வேலையையும் தானே செய்யக் கற்றாள். முந்நூறு ஆண்டுகளில் கருவிகள் பெரிதும் மாறின. அவற்றைப் பரிசாகப் பெறுபவள் மகளே என்பது மட்டும் மாறவில்லை.

குண்டு விழுந்த வீடும் குட்டி வீடுகளும்

பொம்மை வீடுகளை வரலாற்றுச் சான்றுகளாக மதித்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம் வாசகர்கள் பெயரளவில் அறிந்திருக்கக்கூடிய குடும்பத்தைச் சேர்ந்தவர். கத்தோலிக்கப் புதின ஆசிரியர் கிரகாம் கிரீனின் மனைவி விவியன் கிரீனே அவர். இவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர்; இவரை மணக்க விரும்பியதே கிரகாம் கிரீனும் 1926-இல் திருச்சபையில் சேரத் தூண்டுகோலாயிற்று. 1940-இல் இலண்டனில் அவர்கள் குடியிருந்த பழைய அழகிய வீடு குண்டுவீச்சில் அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் இல்லம் இல்லாமற்போயிற்று. திருமணமும் பின்னர்ப் பிரிவில் முடிந்தது.

போர்க்காலத்தில் ஆக்ஸ்ஃபர்டில் தங்கியிருந்த விவியன், ஏலத்துக்கு வந்த பழைய பொம்மை வீடு ஒன்றை வாங்கினார். வீட்டை இழந்த பெண்ணின் கைக்கு ஒரு சிறு வீடு வந்து சேர்ந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக ஊர் ஊராகச் சென்று, குடும்பங்களின் பரண்களிலும் பழைய குழந்தை அறைகளிலும் கிடந்த பொம்மை வீடுகளைத் தேடிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1955-இல் ஆங்கிலப் பொம்மை வீடுகளைப் பற்றிய நூலையும், 1973-இல் குடும்பங்களின் வழிவழிப் பொம்மை வீடுகளைப் பற்றிய நூலையும் எழுதினார். 1962-இல் ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகில் வட்ட வடிவான அருங்காட்சியகம் ஒன்றையே இதற்கெனத் திறந்தார். சேர்த்தவை 1998-இல் ஏலத்தில் பிரிந்தன. அவரும் 2003-இல் மறைந்தார். உடைந்த இல்லத்தின் துயரை ஆராய்ச்சியாக மாற்றிய அப்பெண்மணியின் உழைப்பினால், பிறர் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கியவை வரலாற்றின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தன.

எரியாத விளக்கு

இறுதியாக ஒரு கதையைக் குறிப்பிட்டு நிறைவு செய்வோம். நியூசிலாந்தில் பிறந்த கேத்தரின் மான்ஸ்ஃபீல்டு 1922-இல் 'பொம்மை வீடு' என்ற சிறுகதையை வெளியிட்டார். வசதியுள்ள குடும்பம் ஒன்றுக்குப் பெரிய பொம்மை வீடு பரிசாக வருகிறது. அதிலுள்ள அனைத்தையும்விட, சாப்பாட்டு மேசைமேல் இருக்கும் ஒரு சின்ன விளக்குதான் அக்குடும்பத்து மகள் கெசியாவின் உள்ளத்தைக் கவர்கிறது. அதை உண்மையில் ஏற்ற முடியாது. பள்ளித் தோழியர் இருவர் இருவராக வந்து வீட்டைப் பார்த்துச் செல்கின்றனர். ஊரில் வீடு வீடாகச் சென்று துணி துவைக்கும் பெண்ணின் மகள்கள் இருவருக்கு மட்டும் அழைப்பு இல்லை. ஒருநாள் கெசியா எவருக்கும் தெரியாமல் அவர்களை உள்ளே அழைக்கிறாள். அவர்கள் பார்க்கத் தொடங்கியதுமே பெரியவர் ஒருவர் வந்து இருவரையும் விரட்டிவிடுகிறார். ஆயினும் அந்தச் சில கணங்களில் இளையவள் விளக்கைப் பார்த்துவிட்டாள். கதையின் முடிவில் அவளுக்கு அந்த நிறைவே எஞ்சுகிறது.

இக்கதையின் கூர்மையை நாம் உணர வேண்டும். எத்தனையோ பொம்மை வீடுகளில் சலவைத் தொட்டியும், துணி உலர்த்தும் சட்டமும், தேய்ப்புப் பெட்டியும் அழகுற அமைக்கப்பட்டுள்ளன. அந்தக் கருவிகளை உண்மை வாழ்வில் தொட்டுத் தொட்டுக் கை காய்த்துப்போனவளின் குழந்தைக்கு அவ்வீட்டின் முற்றத்தில் நிற்கும் உரிமையில்லை. கருவியைப் போற்றுகிறோம், கருவியைப் பிடித்த கையை மறந்துவிடுகிறோம்.

மான்ஸ்ஃபீல்டின் கதையை மறுமுறை படித்தபோது நம் மனச்சான்று நம்மைக் குத்தியது. முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றின் பொன்விழா மலரை நாமே தொகுத்தோம். பங்குத்தந்தையரின் பெயர்களும், நன்கொடையாளர்களின் பெயர்களும், கட்டடங்களின் அளவுகளும் அதில் உண்டு. பங்கு இல்லத்து அடுப்படியில் முப்பது ஆண்டுகள் புகையில் நின்று, எத்தனையோ குருக்களுக்கு உணவிட்ட மூதாட்டியின் பெயர் அதில் இல்லை. எவரும் நம்மைத் தடுக்கவில்லை. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவே. தோன்றாமற் போனதுதான் குற்றம்.

மரத்தாலும் பித்தளையாலும் ஆன சொப்புச் சாமான்கள் நம் இல்லங்களிலும் உண்டு. குட்டி அம்மி, குட்டி உரல், திருகை, பானை, கரண்டி என்று அவை ஏதேனும் ஒரு பழைய பெட்டியில் கிடக்கும். இந்த விடுமுறையில் அப்பெட்டியைக் கீழே இறக்குங்கள். வீட்டிலுள்ள முதியவரை அருகில் அமரச் செய்து, ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடுத்து, இதன் பெரிய வடிவம் எங்கே இருந்தது, அதை யார் இழுத்தார், யார் இடித்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேர்த்தி மட்டுமல்ல, பேரனும் அருகில் அமர்ந்து கேட்கட்டும்.